இடதுகை வெல்டு

வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டால் ஒரு சத்தம் வரும். கொட்டகையில் டெல்மர் வெல்டிங் வைக்கும்போதும் ஏறக்குறைய அதே சத்தம்தான் வரும். இரண்டையும் நாற்பது வருஷமாக ஒரே காதில் கேட்டு வருகிறவள் அவன் பெண்டாட்டி லவோன். பெட்ரோல் எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த அவர்கள் ஊரான டாஃப்டில் குழாய் வெல்டரைக் கட்டிக்கொண்ட எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவாள். சத்தம் சீராக, விடாமல் பொரிந்துகொண்டே போனால் வெல்டு ஒழுங்காக விழுகிறது. நடுவில் விக்கினால் வெல்டிங் ராடு இரும்பை விட்டு எட்டிப் போகிறது, இல்லையென்றால் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், சமையலறை ஜன்னல் திறந்திருந்தால் போதும்.

அது மே மாதத்து மத்தியானம். ஜன்னல் திறந்திருந்தது. வாணலியில் வெண்டைக்காய் சீராகப் பொரிந்துகொண்டிருக்க, கொட்டகைச் சத்தம் விக்கியது.

லவோன் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள். விக்கியது, நின்றது, மறுபடி பிடித்தது, மறுபடி விக்கியது. பிறகு இரும்பு தேய்க்கிற கிரைண்டர் நெடுநேரம் அலறியது. போட்டதைத் தேய்த்து எடுக்கிறான். இரண்டாம் தடவையும் அதே விக்கல்தான். அப்புறம் ஏதோ தகரத்தின் மேல் போய் விழுந்த சத்தம், அதைத் தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவன் வாயில் வரக்கூடாத வார்த்தை ஒன்று.

டெல்மர் சாப்பிட வந்தான். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமுந்தான். சோளரொட்டி நேத்தையதா, இன்னைக்குச் சுட்டதா?"

"நேத்தையது."

"அப்பச் சரி. நேத்தையதுதான் மோருல நல்லா ஊறும்."

உயரக் கிளாஸில் சோளரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மோரை ஊற்றி, கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டான். வலது கையால் சாப்பிட்டான். பிறந்ததிலிருந்து இடதுகைக்காரன் அவன். லவோன் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை தன்னையே திட்டிக்கொண்டாள்.

டெல்மர் கொட்டகையில் பற்றவைத்துக்கொண்டிருந்த பிக்கப் வண்டி அவளுடையது. பதிவு அவள் பெயரில்தான் இருக்கிறது. லவோனின் அப்பா ஓக்லஹோமாவில் மண்ணெல்லாம் காற்றோடு போன காலத்தில் குடும்பத்தோடு மேற்கே வந்தவர். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலியாக ஆரம்பித்து, நாற்பதாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப் ஒன்றை யாரோ ஓட்டித் தள்ளியபின் வாங்கினார். மகள் கல்யாணத்தில் சீராகக் கொடுக்க அவரிடம் வேறென்ன இருந்தது? சாவியைக் கையில் வைத்து, "ரெண்டாவது கியரு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், திட்டாம போடு" என்று மட்டும் சொன்னார். அந்த வண்டியில்தான் லவோன் பழம் பதப்படுத்தும் ஆலைக்கு வேலைக்குப் போனாள். வலி எடுத்தபோது அதைத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மகள் ட்ரூடியைப் பெற்றாள். டெல்மர் அன்றைக்குக் குழாய் வேலையாகப் பாலைவனத்தில் எங்கேயோ இருந்தான். ஒரு கோடையில் இன்ஜின் இறுகிப்போனது. தார்ப்பாயைப் போட்டுக் கொட்டகை ஓரம் தள்ளினார்கள். கோழிகள் இருக்கையில் முட்டையிட்டன. யாரும் விரட்டவில்லை.

டெல்மர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் லவோனுக்குச் சமையலறையில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. மிளகு டப்பாவை உப்பு இருந்த இடத்தில் வைத்தான். குளிர்பெட்டிக் கதவு சத்தம் போடுகிறதென்று கழற்றி, மாட்டி, முன்னைவிட அதிகமாகச் சத்தம் போட வைத்தான். "போய் அந்த வண்டியையாவது ஏதாவது பண்ணு" என்று அவள் சொன்னாள். 'ஏதாவது' என்று வெல்டரிடம் சொல்லக் கூடாது. பழைய வண்டியைப் பழையபடி ஆக்கி வைப்பது அவனைப் பொறுத்தவரை மியூசியக்காரன் வேலை. கூரையை அறுத்துக் குட்டையாக்கி, மூக்கைத் தரையோடு இறக்கி, அந்த வண்டி கனவிலும் காணாத பெரிய இன்ஜினை உள்ளே திணித்து, தெருமுனையில் வரும்போதே வீட்டு ஜன்னல்கள் அதிர வேண்டும். அதற்குப் பெயர்தான் ஹாட் ராட். டாஃப்டில் எண்ணெய்க் கிணற்றில் உழைத்து ரிட்டயரான ஆம்பிளைகளில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு, மீதிப் பேர் மீன் பிடிப்பார்கள்.

லவோன் இரண்டு நிபந்தனை போட்டாள். முதலாவது, கதவில் நெருப்பு ஜுவாலை வரையக் கூடாது. "எங்கப்பா உருளைக்கிழங்கு ஏத்துன வண்டி. அதுல தீப்பிடிச்ச மாதிரி வரைஞ்சு வெச்சா மனுசன் குழியில இருந்து எந்திரிச்சு வந்துருவாரு." இரண்டாவது, முதல் ஓட்டம் அவளுடையது. டெல்மர் இரண்டுக்கும் சரியென்றான். கூரையை நாலு விரல் குறைத்துப் பற்றவைத்தபோது அவன் கை நன்றாகத்தான் இருந்தது. ஒட்டு எங்கே இருக்கிறதென்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. லவோன் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கூரையக் குறைச்சுட்ட, என் கொண்டைய யாரு குறைக்கிறது?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் கொட்டகை வாசலில் கூட்டம் சேரும். முக்கியமான ஆட்கள் இரண்டு பேர். ராய்ஸ் டாக்கெட், டெல்மரோடு முப்பது வருஷம் ஒரே குழாயின் இரண்டு பக்கமும் படுத்து வெல்டிங் வைத்தவன், அதிகம் பேசமாட்டான். ஆர்லிஸ் ப்ரூயிட், அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவன். வேறு யாராவது புது வண்டியோடு வந்தால் ஆர்லிஸ் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"வாங்குனதா, கட்டுனதா?"

வாங்கினது என்று பதில் வந்தால் ஆர்லிஸ் வண்டியைப் பார்க்கமாட்டான், வானத்தைப் பார்த்து வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். கட்டினது என்றால் அத்தோடு விடமாட்டார்கள். முதல் ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒவ்வொருவராக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டுகளைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை வண்டியைக் கிளப்புவது மரியாதை இல்லை. யார் போட்ட வெல்டு என்று யாரும் சொல்லத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். டெல்மருடையது இன்னும் சுலபம். மற்றவர்கள் இடமிருந்து வலமாக இழுத்துப் போனால் அவன் வலமிருந்து இடமாக இழுப்பான், வெல்டின் மேல் வரிசையாக விழுகிற செதில்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். முடிக்கிற இடத்தில் ராடைச் சற்றே பின்னால் திருப்பி ஒரு சின்னக் கொக்கி விடுவான். மேற்குப் பக்கத்து மலைகளில் அந்தக் கொக்கியோடு எத்தனையோ மைல் குழாய் புதைந்து கிடக்கிறது.

மே மாதம் விக்கி விக்கி விழுந்த அந்த வெல்டு சாதாரண இடத்து வெல்டாக இருந்தால் லவோன் கவலைப்பட்டிருக்கமாட்டாள். முன் ஆக்சிலை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு பிடித்து நிறுத்துகிற தண்டு, பழைய வண்டியில் நடுவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். புது கியர்பெட்டிக்கு இடம் போதாமல் டெல்மர் அதை இரண்டாகப் பிளந்து, சேஸின் இரு பக்கமும் பிராக்கெட் வைத்து மாட்டியிருந்தான். பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் மொத்த பாரமும் அந்த இரண்டு பிராக்கெட்டில்தான் வந்து இறங்கும். ஒன்று பிய்ந்தாலும் ஆக்சில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும், அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணலாம். அவர்கள் வீட்டிலிருந்து வழி இறக்கத்திலேயே போய், எண்ணெய் டாங்கர்கள் பறக்கிற நெடுஞ்சாலையில்தான் முட்டும்.

ஜூன் முழுக்க டெல்மர் இருக்கை தைத்தான். ஜூலையில் ஒயர் வேலை. நூற்றுப்பத்து டிகிரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஒயரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினான். ஆகஸ்டில் எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் தெரிந்தது.

"இந்தச் சனிக்கிழம ஓட்டலாமா?" என்று லவோன் கேட்டாள்.

"ரேடியேட்டர்ல ஒண்ணு பாக்கி இருக்கு."

அடுத்த வாரம் கண்ணாடி ரப்பர் பாக்கி இருந்தது. அதற்கடுத்த வாரம் கதவுப் பூட்டு. ஆர்லிஸ் விடுவானா?

"டேய் டெல்மர், வண்டி கட்டுறியா, மாதா கோயில் கட்டுறியா? நான் சாகறதுக்குள்ள ஒரு தடவ அடியில படுத்துப் பாத்துரணும்டா. அப்புறம் நிரந்தரமா படுத்துருவேன்."

"உன் வாய மூடுனா வண்டி தானா ஓடும்," என்றான் டெல்மர். இடது கை பைக்குள்ளேயே இருந்தது.

கை நடுக்க வியாதி என்று பேக்கர்ஸ்ஃபீல்டு ஊர் டாக்டர் ஜூலையிலேயே சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தார், அது கொஞ்சம் கேட்கும், போகப்போகக் கேட்காது என்றும் சொன்னார். டெல்மர் காரில் திரும்பும்போது லவோனிடம், "யாருகிட்டயும் சொல்லாத" என்றான். சொல்லவில்லை. இந்த ஊரில் ஆம்பிளைகளின் வியாதி அவர்கள் அடக்கத்தின்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். ஆனால் ராய்ஸுக்குத் தெரிந்திருந்தது. டெல்மர் காபி ஊற்றும்போது அவன் வேறு பக்கம் பார்ப்பதை லவோன் கவனித்திருந்தாள்.

செப்டம்பரில் ஒரு காலை, ட்ரூடி வந்து அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தக்காளி பாட்டிலில் அடைக்க வேண்டும், நான் வரவில்லை என்று லவோன் சொல்லிவிட்டாள். கார் திருப்பம் தாண்டியதும் ராய்ஸுக்குப் போன் பண்ணினாள்.

அவன் வந்து விளக்கோடு வண்டிக்கு அடியில் நகர்ந்தான். வெளிச்சம் பிராக்கெட்டில் வந்து நின்றது.

"என்ன ராய்ஸ்?"

"கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கு." சொன்னபின் அவனுக்கே சங்கடமாகிவிட்டது போல. "தப்பா நெனச்சுக்காத லவோன். கை ஆடாம நின்னுருந்தா அவன் இப்படிப் போடமாட்டான்."

"பிரேக் மிதிச்சா தாங்குமா?"

"மெல்ல மிதிச்சா தாங்கும். டாங்கரு குறுக்க வந்தா எவன் மெல்ல மிதிப்பான்?"

லவோன் அங்கேயே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். "அவனுக்குத் தெரியல ராய்ஸ். நல்லா இருக்குன்னு நெனச்சுட்டிருக்கான். நான் சொன்னா செத்துருவான்."

ராய்ஸ் அடியிலிருந்து வெளியே வந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "வெட்டி எடுத்துட்டு நான் புதுசா போட்டுத் தரேன். அரை நாள் வேலதான்."

"சனிக்கிழம எல்லாரும் படுத்துப் பாப்பாங்களே. உன் கைன்னு ஆர்லிஸ் கண்டுபிடிச்சுருவான். அப்புறம் ஊரே பேசும்."

"அவன் கை மாதிரியே போட்டாப் போச்சு."

"முடியுமா?"

"முப்பது வருஷமா எதிர்ப்பக்கம் படுத்துப் பாத்துருக்கேன். தலைய அந்தப் பக்கம் வெச்சுப் படுத்துப் போட்டா செதிலு சரியா திரும்பும். கடைசில கொக்கி. அவனுக்கே தெரியாது."

இப்படித்தான் அந்தக் காரியம் நடந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. லவோன் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ் பழைய பிராக்கெட்டுகளை அறுத்துத் தள்ளி, சேஸைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, புது பிராக்கெட் வைத்து, தலைகீழாகப் படுத்து வெல்டிங் வைத்தான். சத்தம் சீராகப் பொரிந்தது. லவோனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுகை வந்தது, பல மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். முடிந்ததும் சாம்பல் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் கிரீஸும் புழுதியும் கலந்து தேய்த்துப் பழசாக்கினார்கள். ராய்ஸுக்குப் பன்றிக் கால் போட்டு வேகவைத்த பயறும் வெங்காயமும் வைத்தாள். அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். தக்காளி அப்படியே கூடையில் கிடந்தது.

மறுநாள் காலை டெல்மர் பிரேக் குழாயை இறுக்கப் போகிறேன் என்று கொட்டகைக்குப் போனான். லவோன் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டிக்கு வெளியே அவன் பூட்ஸ் இரண்டும் தெரிந்தன. நெடுநேரம் அசையவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"டெல்மர்?"

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

"டெல்மர், என்னாச்சு?"

"நேத்து ராய்ஸ் வந்தானா?" குரல் அடியிலிருந்து வந்தது.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முடியவில்லை.

"வந்தான்."

டெல்மர் வெளியே நகர்ந்து வந்து மண்ணிலேயே உட்கார்ந்தான். முகம் சிவந்திருந்தது. "நல்லாத்தான் போட்டுருக்கான். செதிலு திருப்பியிருக்கான். கொக்கிகூட விட்டுருக்கான் படுபாவி."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இவ்ளோ நல்லா நான் போடலையே லவோன்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப உனக்குத் தெரியுமா?"

"நாப்பது வருஷம் வெல்டிங் வெச்சவன் நான். என்ன போட்டேன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் விக்குச்சு."

"மே மாசத்துலயேவா?"

"மே மாசத்துலயே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோடை முழுக்க ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருக்கையும் ஒயரும் பேசியிருக்கிறார்கள்.

"அப்புறம் என்ன பண்றதா இருந்த?" என்று லவோன் கேட்டாள். இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் வந்து நிப்பாங்க. நான் ஏறி உக்காருவேன். அப்ப என்ன பண்ணியிருப்ப?"

"மழை வரும்னு பாத்தேன்."

"டாஃப்டுல? செப்டம்பர்ல?"

"மழை வரலேன்னா இன்ஜின்ல எதையாவது கழட்டி ஒளிச்சு வெச்சுருப்பேன். வருஷம் பூரா ஒவ்வொண்ணா கழட்டியிருப்பேன். உன்னைய அந்த வெல்டு மேல உக்கார விட்டுருக்கமாட்டேன் லவோன். அது மட்டும் நடந்துருக்காது."

அவள் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். முட்டி சம்மதிக்கவில்லை, ஆனாலும் உட்கார்ந்தாள். அவன் இடது கையைப் பையிலிருந்து இழுத்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது துள்ளிக்கொண்டிருந்தது.

"அப்ப எதுக்கு மூஞ்சி செவந்து கெடக்கு? வெல்டு நல்லாருக்குன்னு நீயே சொல்ற."

"நல்லாருக்கு. ஆனா என் பேர்ல இருக்கு." டெல்மர் பல்லைக் கடித்தான். "எனக்கு முடியலேன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்க. அது பரவால்ல, உண்மைதான். ஆனா நான் முடியாம படுத்துருக்கையில என் சட்டைய இன்னொருத்தன் போட்டுக்கிட்டு, நான்தான் டெல்மர்னு தெருவுல நடந்தா எப்படி இருக்கும்? ஆர்லிஸ் படுத்துப் பாத்துட்டு, 'இன்னும் கை அப்படியே இருக்குடா'ம்பான். நான் சிரிச்சுக்கிட்டு நிக்கணும். எத்தனை நாளைக்கு நிக்கறது?"

அவன் கௌரவத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் லவோன் நினைத்திருந்தாள்.

"நான்தான் சரின்னு சொன்னேன். அவனத் திட்டாத," என்றாள்.

"திட்டமாட்டேன். கூப்பிடு அவன."

ராய்ஸ் வந்தபோது தொப்பி கையில் இருந்தது. முகத்தைப் பார்த்தே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உக்காரு," என்றான் டெல்மர்.

"நிக்கிறேன்."

"செக்குல என் கையெழுத்தப் போட்டா உன்னைய உள்ள தள்ளுவாங்க தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப இதுக்கு என்ன பண்ணலாம்?"

ராய்ஸ் தொப்பியைச் சுற்றினான். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியலடா. எனக்குத் தெரிஞ்சது இதுதான். போட்டேன்."

டெல்மர் தரையைப் பார்த்தான். "கொக்கி கொஞ்சம் பெருசு," என்றான். "நான் அவ்ளோ பெருசா விடமாட்டேன்."

"அளவு பாத்துத்தான் விட்டேன்."

"பெருசுடா. சரி, அதெல்லாம் கெடக்கட்டும். வெட்டி எடு. புது பிராக்கெட் ரெண்டு அறுத்து வெச்சுருக்கேன். உன் கையால போடு, உன் பக்கத்துல இருந்து போடு. கொக்கி வேணாம்."

"சனிக்கிழம எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

அந்தப் புதன்கிழமை ராய்ஸ் மறுபடி படுத்தான். லவோன் விளக்கைப் பிடிக்கப் போனாள். "நான் பிடிக்கிறேன்" என்று டெல்மர் வாங்கிக்கொண்டான். வெளிச்சம் ஆடியது. ராய்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "அதை வலது கைக்கு மாத்துடா, எனக்குக் கண்ணு வலிக்குது" என்றான். டெல்மர் மாற்றினான். சமையலறையில் தக்காளி கொதித்துக்கொண்டிருந்தது. லவோன் ஜன்னலருகில் நின்று, முதல் பக்கம் முடியும்வரை கேட்டாள்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள்ளேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். வண்டி இன்றைக்கு ஓடப்போகிறது என்ற செய்தி எப்படியோ பரவியிருந்தது. வண்டி வாசலில் நின்றது, அப்பா காலத்துப் பச்சை நிறத்தில், மூக்கு தாழ்ந்து, கூரை குட்டையாக. லவோன் சூடான பிஸ்கட் ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் பண்ணி வைத்திருந்தாள், யாரும் தொடவில்லை. முதலில் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொருவராகப் படுத்தார்கள், எழுந்தார்கள், புழுதியைத் தட்டினார்கள். கடைசியாக ஆர்லிஸ் படுத்தான். பெரிய வயிறு, உள்ளே போவதற்கே நேரமாயிற்று. வெளியே வருவதற்கு இன்னும் நேரமாயிற்று.

எழுந்து டெல்மரைப் பார்த்தான், ராய்ஸைப் பார்த்தான், மறுபடி டெல்மரைப் பார்த்தான். அவனுடைய வழக்கமான சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"முன்னாடி பிராக்கெட்டு," என்றான். "அது உன் கை இல்லையேடா."

ராய்ஸ் வாயைத் திறந்தான். டெல்மர் முந்திக்கொண்டான்.

"இல்ல." இடது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தான். அது நடுங்கியது. வலது கையால் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் தொங்கவிட்டான். எல்லோரும் பார்த்தார்கள். "ராய்ஸ் போட்டது. மொதல்ல நான்தான் போட்டேன். கோழி எச்சமாட்டம் வந்துச்சு. வெட்டி எடுத்தாச்சு. எனக்குக் கை நடுக்க வியாதி. இனிமே வெல்டு வராது."

தூரத்தில் எண்ணெய் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருந்தன. லவோன் ஆர்லிஸின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாயிலிருந்து இப்போது வேடிக்கையாக ஏதாவது வந்தால் குழம்புச் சட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்துவிடுவது என்று நிஜமாகவே முடிவு செய்திருந்தாள்.

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். வண்டியின் கூரையோரத்தில் விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனான்.

"இது யாரு போட்டது?"

"அது நான்."

"தெரியுது," என்றான் ஆர்லிஸ். "ஒட்டே தெரியல." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சரி. கட்டுனதுதான். பிஸ்கட் ஆறுது, எவனாச்சும் எடுங்கப்பா" என்றான்.

லவோன் கொண்டை இடிக்காமல் குனிந்து ஓட்டுநர் பக்கம் ஏறினாள். டெல்மர் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். இன்ஜின் பிடித்தபோது பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இறக்கத்தில் வண்டி தானாகவே வேகமெடுத்தது.

"நெடுஞ்சாலை வருது," என்றாள்.

"மிதி. நல்லா மிதி. மெல்ல மிதிக்காத."

அழுத்தி மிதித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு பக்கமும் இழுக்காமல், கோட்டுக்கு முன்னால் நின்றது. டாங்கர் ஒன்று அவர்கள் முகத்தில் காற்றை அறைந்துவிட்டுப் போனது.

"நேரா நின்னுச்சா?"

"நேராத்தான் நின்னுச்சு," என்றாள் லவோன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் போகட்டும்?"

டெல்மர் இடது கையைத் தூக்கிக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டி, மலைகள் இருக்கிற பக்கம் காட்டினான். விரல் நடுங்கியது, ஆனால் எந்தப் பக்கம் என்பது தெளிவாகத்தான் இருந்தது. லவோன் வண்டியைத் திருப்பினாள்.